நம்ம கூட்டத்து ஆளு

ஏனுங்ணா, அந்த ஜன்னலைக் கொஞ்சம் மேல தூக்கி விடறீங்களா? இல்ல, வேண்டாம், தூசி வருது. இருக்கட்டும். இல்லீங்ணா, தூக்கியே விட்டுருங்க, உள்ள வெக்கையா இருக்குது.

நீங்க தாராபுரமா? நல்லதாப் போச்சுங்க. நான் காங்கேயம் தாண்டி புதூர் பிரிவுல எறங்கோணும். பிரிவு வந்தா நான் எந்திரிக்கறனான்னு பாருங்க. எந்திரிக்கலைன்னா புடிச்சு எழுப்பி விட்டுருங்க. தூங்கிருவேன்னு சொல்லலீங்க. முழிச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன், அதுக்குச் சொல்றேன்.

காரு இருக்குதுங்க எனக்கு. ரெண்டு தடவ காரை எடுத்துட்டுத்தான் கெளம்பினேன். ஒரு தடவ அரச்சலூர்ல திருப்பிட்டேன். இன்னொரு தடவ காங்கேயம் வரைக்கும் போயி, பஸ் ஸ்டாண்டுக்கிட்ட டீ குடிச்சுட்டுத் திருப்பிட்டேன். பஸ்ஸுன்னா என் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாதில்லீங்களா?

பேரு சென்னியப்பனுங்க. திருச்செங்கோடு. ரெண்டு ரிக் வண்டி ஓடுது, போர் போடற வேலை. வருஷத்துல எட்டு மாசம் வடக்கதான். ராய்ப்பூரு, ஜபல்பூருன்னு சுத்திக்கிட்டே இருப்பேன். ஊர்ல இருக்கறது விசேஷத்துக்கும் வண்டி ரிப்பேருக்குந்தான்.

மணி என்னங்க? ஒம்போதே முக்காலா? பதினோரு மணிக்கு எம் மாமனாரு ஊட்ல பேச்சு. பேச்சுன்னா, எனக்கும் எஞ் சம்சாரத்துக்கும் தீர்த்து விடற பேச்சுங்க. எங்கம்மா, எங்கக்கா, எங்க மாமன் மூணு பேரும் காரை எடுத்துக்கிட்டு முன்னாலயே போயிட்டாங்க. எனக்கு ஈரோட்டுல வேலை இருக்குது, முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். வேலை ஒண்ணுமில்லீங்க. அவங்ககூட ஒரே கார்ல ஒக்காந்து போக முடியல. நான் போயி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்தப் பேச்சே இல்ல. கோகிலா மேல ஒரு தப்பும் இல்லைன்னு ஆயிரும். அதச் சொல்றதுக்குத்தான் போறேன்.

என்ன வார்த்தைன்னா... உங்ககிட்டச் சொல்லலாமுங்க. நீங்க ஆருன்னே எனக்குத் தெரியாது. நீங்க நம்ம பக்கந்தானுங்களா? நம்ம ஆளுங்களா? இல்ல, சும்மா கேட்டேன். சொல்ல வேண்டாம், விடுங்க.

எனக்கு அணு இல்லீங்க.

பிள்ளை பொறக்கற அணு. கம்மியெல்லாம் இல்ல, ஒண்ணுகூட இல்ல. கல்யாணமாகி மூணாவது வருஷம் ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரில பாத்தோம். நம்பாம இன்னும் ரெண்டு ஊர்ல பாத்தேன். போர்ல ஆயிரத்திரநூறு அடி ஓட்டியும் தண்ணியில்லாம வெறும் புகைதான் வருதுன்னா, அதுக்கு மேல ஓட்டி என்ன பண்றது? அன்னைக்கே கோகிலாவை எங்க கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, சூடத்தை அணைச்சு சத்தியம் வாங்கிட்டேன். ஆருகிட்டயும் சொல்லக்கூடாது, உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லக்கூடாதுன்னு. சரீன்னா.

அப்பறம் ஊட்ல கொறை அவளுக்குத்தான்னு ஆயிப்போச்சு. நான் சொல்லலீங்க. எங்கம்மாவா நெனச்சுக்கிட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான். ஏதேதோ அரைச்சுக் குடுத்தாங்க, குடிச்சா. வளைகாப்புக்குப் போனா நீ வளையல் போட வேண்டாம், பின்னால நில்லுன்னாங்க, நின்னா. செவ்வாய்க்கெழமை வெரதம் இருக்கச் சொன்னாங்க, இருந்தா. நல்ல பொறுமைங்க அவளுக்கு. நானே பல பேர்கிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கேன்.

ஏழு வருஷம் இப்படிப் போச்சு. அதுக்கு மேல எங்கம்மா இன்னொரு கல்யாணத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. இன்னொருத்தியக் கட்டி என்னத்துக்குங்க ஆகும்? அப்பறம் ஈரோட்டு டாக்டரம்மாகிட்டயே திரும்பப் போனோம். வேற ஒருத்தரோட அணுவை வாங்கி வெச்சுக்கலாம், பேங்க்குல இருக்குது, நெறம், ஒசரம், ரத்தம் எல்லாம் உங்களுக்குப் பொருத்தமாப் பாத்துத் தருவாங்கன்னாங்க. டோனருன்னு சொல்லுவாங்க. கோகிலா உடனே சரீன்னுட்டா. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். டோனரு நம்ம ஆளா இருக்கோணும், அதுலயும் எங்க கூட்டமா இருக்கோணும்.

இதுல சிரிக்க என்னங்க இருக்குது? நீங்க சிரிக்கலையா? சரி.

எங்க ஆளுங்கள்ல கூட்டம் கூட்டமாப் பிரிஞ்சிருப்போமுங்க. ஒரே கூட்டம்னா அண்ணன் தம்பி மொறை, பொண்ணு குடுத்து எடுக்க மாட்டோம். கூட்டத்துக்கு ஒரு குலதெய்வம். பிள்ளைக்கு அங்கதான் முடியெடுக்கோணும், காது குத்தோணும். வேற ஆருதோ ரத்தத்தைக் கொண்டு போயி எஞ்சாமி முன்னால உக்கார வெச்சு முடியெடுத்தா, அது சாமிய ஏமாத்தறதில்லீங்களா? ஊரை ஏமாத்தலாம். சாமிய ஏமாத்தலாமா?

டாக்டரம்மா மொகத்தச் சுழிச்சுட்டாங்க. நாங்க நோய் இருக்குதான்னுதான் பாப்போம், சாதியெல்லாம் கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாதுன்னாங்க. அதோட நிக்காம, கோகிலா ரத்தத்துல ஒரு சின்னக் கொறை இருக்குது, அவளுக்கு அதனால ஒண்ணும் ஆகாது, ஆனா டோனருக்கும் அதே கொறை இருந்துட்டா பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேந்து தலசீமியான்னு ஒரு நோய் வரலாம், ஒடம்புல ரத்தமே ஊறாது, அதனால டோனரோட ரத்தத்தைப் பாக்காம நான் தொட மாட்டேன்னாங்க. நல்ல டாக்டருதானுங்க. ஆனா கண்டிசன் சாஸ்தி.

நான் வெளிய வந்து ஜெயபாலப் புடிச்சேன். அந்த ஆஸ்பத்திரில டோனருங்களைக் கூட்டிட்டு வர்ற ஆளு அவன். பத்து நாள்ல கூப்பிட்டான். அண்ணா, உங்க கூட்டத்துலயே ஒரு பையன், இஞ்சினியரிங் கடைசி வருசம், ஆறடி, பீடி சிகரெட் இல்லைன்னான். டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பேங்க்குல இருந்து வந்த மாதிரியே தாளெல்லாம் சரி பண்ணிர்றேன்னான்.

சும்மா நம்பீருவனுங்களா? ஆஸ்பத்திரி கேள்வித்தாளு ஒருபக்கம் இருக்கட்டும்னு நானே தனியா எழுதிக் குடுத்தேன். குலதெய்வம் எது? பொங்கல் எந்த மாசம்? கெடா எந்தச் சாமிக்கு வெட்டறது? கோயிலுக்கு வடக்க என்ன மரம்? அத்தனைக்கும் டக் டக்குனு பதில் வந்துருச்சு. ஆஸ்பத்திரித் தாள்ல, குடும்பத்துல ஆருக்காச்சும் நோய் நொடி இருந்துதான்னு ஒரு கேள்வி. அதுக்குப் பையன் எழுதுனதையும் ஜெயபாலு போன்ல படிச்சான். அப்பாகூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு மூணு நாலு வயசுல வெளுத்துப் போயித் தவறிட்டாங்க, பொங்கல் வெக்காம விட்ட சாமி குத்தம்னு எழுதியிருந்தான். எனக்கு மேலெல்லாம் சிலுத்துருச்சுங்க. எங்க சாமி அப்படித்தான், பொங்கல் தவறுனாப் பிள்ளைய எடுத்துக்கும்னு எங்க தாத்தன் சொல்லக் கேட்டிருக்கேன். வேற கூட்டத்துக்காரன் இதச் சொல்ல முடியுமா? நம்ம ஆளேதான். அத்தனை டெஸ்ட்டுல எனக்குத் திருப்தியா இருந்தது அந்த ஒரு பதிலுதானுங்க.

ரத்த டெஸ்ட்டா? அதுக்கு எட்டு நாளாகும்னாங்க. பையனுக்கோ பரீட்சை முடிஞ்சுது, நாலு நாள்ல பெங்களூருக்கு வேலைக்குப் போறான். அவனை விட்டா எங்க கூட்டத்துல இன்னொருத்தனை எங்க போயித் தேடறது? எனக்கும் ராய்ப்பூர்ல வண்டி நின்னுபோச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ரயிலேறிட்டேன். அப்பறம் அந்த டெஸ்ட்டு எப்படியோ முடிஞ்சுது. அத விடுங்க. காங்கேயம் வந்துருச்சா? இன்னும் இல்லையா. இந்த டிரைவரு ஏன் இப்படிப் பறக்கறாரு?

பொண்ணு பொறந்துது. யாழிசைன்னு பேரு. எங்கம்மா பாத்ததும் மூக்கப் பாருடா, உம் மூக்கு அப்படியேன்னாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கூட்டம்னா சும்மாவா பின்ன? ஒம்போதாவது மாசம் கோயில்ல மடியில வெச்சு முடியெடுத்தேன். நெஞ்சு நிமிந்து உக்காந்திருந்தனுங்க. அன்னைக்கு எஞ்சாமிக்கு முன்னால ஒரு பொய்யும் இல்லைன்னு நெனச்சேன்.

மொட்டையடிச்ச பொறகுதான் தெரிஞ்சுது, தலையே வெளுத்துக் கெடந்துது. பால் குடிக்க மாட்டேங்குது, எப்பப் பாத்தாலும் சோந்து சோந்து படுக்குது. கோயமுத்தூருக்குக் கொண்டுட்டு ஓடினோம். ரத்தம் அஞ்சு புள்ளிதான் இருக்குதுன்னாங்க. அன்னைக்கே ஏத்துனாங்க. அப்பறம் அப்பா அம்மா ரெண்டு பேரும் ரத்தம் குடுங்க, எங்கிருந்து வந்துருக்குதுன்னு பாக்கோணும்னாங்க.

கையை நீட்டுனேன்.

வேற என்ன பண்ணச் சொல்றீங்க? எங்கம்மா பக்கத்துல நிக்கறாங்க. அக்கா நிக்கறா. பிள்ளையப் பெத்தவன் கையை நீட்டாம இருக்க முடியுமா? கோகிலா என்னையே பாத்தா. நான் ஊசியப் பாத்துட்டு நின்னேன். என்னைய எடுத்து என்ன பிரயோசனம்னு அவளுக்குந் தெரியும், எனக்குந் தெரியும்.

ரிசல்ட்டு வந்தன்னைக்கு டாக்டரு எங்க ரெண்டு பேரைத்தான் கூப்பிட்டாரு. எங்கம்மா விடுவாங்களா? எம் பேத்திக்கு என்னன்னு எனக்குத் தெரியோணும்னு உள்ள வந்து நின்னுட்டாங்க, கூடவே அக்காளும். டாக்டரு சின்னப் பையன், தயங்குனாரு. தலசீமியாதான், அம்மா பக்கம் இருக்குது, ஆனா அப்பா ரத்தம் சுத்தமா இருக்குது, அப்படி இருக்க வழியே இல்ல, அப்பாவோடத மறுபடியும் எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டாரு. எங்கக்கா அதுக்குள்ள வெரல் விட்டு மாசத்தை எண்ணிட்டா. சென்னியப்பா, அந்த மாசம் பூரா நீ ராய்ப்பூர்லதான இருந்தேன்னு கேட்டா.

எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. கோகிலாவும் பாக்கறா.

எனக்கு ஞாபகமில்லைன்னு சொன்னனுங்க.

அவ்வளவுதான் சொன்னேன். அவமேல பழி போடலையே? ஞாபகமில்லைன்னு சொல்றது பழியா? எங்கம்மா அவளைப் பேசுன பேச்சு நான் பேசலீங்க, எங்கம்மா பேசுனது. அவளுந்தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ஆஸ்பத்திரிக்குப் போயித்தான் பொறந்துதுன்னு அன்னைக்கே அங்கயே சொல்லியிருந்தா முடிஞ்சுது. வாயே தொறக்கல. பிள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நேரா பஸ் ஸ்டாண்டு. சத்தியம் பண்ணுனா என்னங்க, உசுரு போற நேரத்துல சத்தியம் பெருசா? இப்படிப் புடிவாதமா இருந்தா நான் என்னதான் பண்றது?

ஆறு மாசமாச்சு. அவங்கப்பா ஊர்லதான் இருக்கறா. மூணு வாரத்துக்கு ஒருக்காப் பாப்பாவுக்கு ரத்தம் ஏத்தோணும், ஏத்திட்டு இருக்கறா. நான் போனு பண்ணுனா எடுத்துப் பாப்பா காதுல வெச்சுருவா. அது ப்பா, ப்பான்னும். அவ பேச மாட்டா.

அந்தப் பையன் மொகம் எனக்குத் தெரியாதுங்க. ஆறடின்னா பாக்கறேன். பஸ்ல, கல்யாணத்துல, கோயில்ல, எங்க ஆறடிக்கு எவனைப் பாத்தாலும் மூக்கப் பாக்கறேன். போன பொங்கலுக்குக் கோயில்ல ஒருத்தனுக்குப் பக்கத்துலயே அரைநாள் நின்னேன். எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது? உனக்கு ரத்தத்துல கொறை இருக்குது சாமி, நாளைக்கு நம்மாளுங்கள்லயே பொண்ணுக் கட்டறப்பப் பாத்துக் கட்டுன்னு சொல்லோணும். ஜெயபாலு இன்னும் ஆருக்கெல்லாம் அவனைக் குடுத்தானோ, அதுவும் தெரியாது. கேட்டா, நம்பரைக் கட் பண்றான். ஒழுங்கா டெஸ்ட்டு பாத்துக் குடுக்கறது அவங்க பொறுப்புத்தானுங்களே? நான் போர் போடறவன், எனக்கு என்னங்க தெரியும்?

இருங்க, போனு. மாமனுதான். எடுக்கல. காங்கேயம் தாண்டிட்டமா? எப்பத் தாண்டுனோம்?

சொல்லிருவனுங்களா? நீங்க என்ன நெனைக்கறீங்க? உங்ககிட்டச் சொல்லிட்டேன், பாருங்க, ஒண்ணும் ஆகல. ஆனா அங்க இருபது பேரு பந்தி பாய்ல உக்காந்திருப்பாங்க. எங்க மாமன் என்னையச் சிங்கம்னு சொல்லித் தோள்ல தட்டுற ஆளு. சும்மா வெச்சுக்கங்க, நான் வேற மாதிரிச் சொன்னா? எனக்கு அவமேல சந்தேகமில்ல, மன்னிச்சு ஏத்துக்கறேன்னு சொன்னா? அதுலயும் சேந்துதான் இருப்போம், இல்லீங்களா? ஏனுங்க, தலையை ஆட்டறீங்க? மன்னிக்கறதுக்கு அவ என்ன பண்ணுனான்னு கேக்கறீங்க. சரிதான். சரிதானுங்க.

புதூர் பிரிவா? இதேதான். நில்லுங்க, எந்திரிக்கறேன். செருப்பு எங்க போச்சு? தள்ளுங்கண்ணா, கொஞ்சம்...

ஐயோ. அண்ணா, ஏறுறது கோகிலாங்க. கையில பாப்பா.

இல்ல கோகிலா, எறங்கத்தான் எந்திரிச்சேன். நீ எங்க கெளம்பிட்டே? ஊட்ல அத்தனை பேரும்... ரத்தமா? இன்னைக்கா? போன வாரந்தான ஏத்துனாங்க? மூணு வாரம் ஆயிருச்சா? அதுக்காக இன்னைக்கே போகோணுமா, உன்னையப் பத்தித்தான அங்க பேசறாங்க? கேட்டீங்களாண்ணா? பேசறவங்க பேசிக்கட்டும், ரத்தம் ஆறுக்கு எறங்கிருச்சு, இன்னைக்குத்தான் பாட்டில் கெடைக்கும்னு தாராபுரத்துல சொன்னாங்கங்கறா. எறங்கறதுன்னா எறங்குங்க, வண்டி எடுக்கறாங்கங்கறா.

எறங்கல. போலாம், ரைட்.

குடு, பாப்பாவக் குடு. வா சாமி, வா கண்ணு. அப்பா பாரு. அண்ணா, தூக்கிப் பாக்கறீங்களா? ஒண்ணரை வயசுப் பிள்ளைங்க, கனமே இல்ல. ஒதட்டப் பாருங்க, வெள்ளையா. இந்தா, தலைய அப்பா மேல சாச்சுக்க. நீங்க எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க... சரி, எந்திரிச்சுட்டீங்க. உக்காரு கோகிலா. இவரா? ஆருமில்ல, பக்கத்து சீட்டு.

மறுபடியும் மாமன். எடுக்கட்டுமா? எடுக்கறேன். மாமா, அம்மாகிட்டக் குடுங்க. குடுங்கன்னா குடுங்க. அம்மா, ஆமா, பஸ்லதான். அம்மா, கோகிலா மேல ஒரு தப்பும் இல்ல. கேக்குதா? தப்பில்லைங்கறேன்! டவர் இல்லியா? எனக்குத்தாம்மா கொறை. எனக்கு! எனக்கு அணு இல்லம்மா! கல்யாணமான நாள்ல இருந்து எனக்குத்தான் இல்ல, அவளுக்கில்ல! பாப்பா ஈரோட்டு ஆஸ்பத்திரில வேற ஆளு அணுவை வெச்சுப் பொறந்தவ! கூட்டிட்டுப் போனது நான், ஆருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்குனதும் நான்! கேட்டுதா? எல்லாருக்கும் சொல்லு! பக்கத்துல இருக்கற அத்தனை பேருக்கும் சொல்லு!

வெச்சுட்டாங்க. கேட்டுருச்சு.

கண்டக்டரே, என்ன பார்வை, டிக்கெட்டக் கிழிங்க. தாராபுரம் ரெண்டு.

அண்ணா, பாத்தீங்களா, சொல்லிட்டேன். பஸ்ஸு பூராவே கேட்டுருச்சு, கேக்கட்டும். ஒண்ணும் ஆகலைங்க. அழுவாத கோகிலா. எல்லாரும் பாக்கறாங்க. கையைப் புடிச்சுக்கிட்டா பாருங்கண்ணா. ஆறு மாசம் ஆச்சு.

என்ன சொன்னே? ஆமா, ஈரோட்டுக்காரங்க. விடக்கூடாதுங்கறியா. கேஸு போடோணுமா. இனி மறைக்க என்ன இருக்குது, எழுதிக் குடுத்தா இன்னும் நாலு பிள்ளைங்களாச்சும் பொழைக்குங்கறா அண்ணா. அணு வெக்கற ஊசிக்கு முந்துன நாளு, ராய்ப்பூருக்குப் போனு போட்டு எத்தனை தடவ கேட்டேன், டெஸ்ட்டு வந்துருச்சான்னு கேட்டுட்டுத்தான படுத்தேங்கறா. நல்லா இருக்குதுன்னு பொய் சொன்னவன் எவனோ, அவன் கையி அழுகிப் போகோணும்ங்கறா.

கோகிலா, கையை எடுத்துரு. பாப்பாவ வாங்கிக்க, கெட்டியாப் புடிச்சுக்க.

அந்த ரிசல்ட்டு வரவே இல்ல. ஜெயபாலு, எட்டு நாளாகும், என்னண்ணா பண்றதுன்னு கேட்டான். நம்ம ஆளுதான், பாக்க வேண்டாம், நல்லா இருக்குதுன்னு தாள்ல போட்டுருன்னு சொன்னேன். வந்துருச்சு, நல்லா இருக்குதுன்னு உங்கிட்டச் சொன்னது நாந்தான்.